வெயிலும் தராசும்

 

டன்லப் ஸ்திரீட்டிலுள்ள மஸ்ஜிது அப்துல் கபூருக்கு லுஹர் தொழுகைக்கு ஓடோடி வரும் வியாபாரப் பெருமக்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேர் அதன் தலைவாசலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்திருப்பார்களோ, நாம் அறியோம். அங்கே ஒரு சூரியன் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு 25 கதிர்கள். கதிர் ஒன்றுக்கு ஒரு நபியின் திருப்பெயர் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சென்ற மாதம் அந்தச் சூரியனுக்குக் கீழே நின்றுகொண்டுதான் ஓர் அன்பர் நம்மைப் பிடித்துக்கொண்டார். சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். குடியிருப்பது சுவா சூ காங்கில், இயூ டீ பக்கத்துத் தரைவீடு ஒன்றில்.

"ஹஜ்ரத், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போடலாமென்று இருக்கிறேன். 20,000 வெள்ளி கேட்கிறார்கள். ஐந்தாறு வருஷத்தில் முதல் திரும்பிவிடுமாம். அப்புறம் கரண்டு பில்லே வராதாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போட்டுவிடுகிறேன்" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் அவருடைய நண்பர் நின்றிருந்தார். அவரும் நம்மவர்தான், நமது பத்திரிகையைத் தவறாமல் வாசிக்கிறவர். "போடச் சொல்லுங்கள் ஹஜ்ரத். நான் விசாரித்துவிட்டேன். நல்ல கம்பெனி" என்று அவரும் சேர்ந்துகொண்டார். பிறகு பேச்சுவாக்கில் நமக்குத் தெரிய வந்தது: ஒப்பந்தத்தில் கையெழுத்தானால் அந்த நண்பருக்கு 500 வெள்ளி தரகு உண்டு. தரகு வாங்குவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. அது ஆகுமான தொழில். நம் முன்னோர்கள் மலாயாவெங்கும் செய்த தொழில். ஆனால் அந்த 500 வெள்ளியைப் பற்றிக் கடைக்கார அன்பருக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அந்த ஒரு சங்கதிதான்.

ஆலோசனை கேட்கப்படுகிறவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழியின் கருத்து. பணத்தை ஒருவர் நம்மிடம் கொடுத்து வைத்தால் எண்ணிப் பூட்டி வைக்கிறோம். "எனக்கு இது நல்லதா?" என்ற கேள்வியை ஒருவர் நம்மிடம் கொடுத்து வைக்கும்போது மாத்திரம் அதை எண்ணிப் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இரண்டும் ஒரே அமானிதமன்றோ?

மதீனத்துக் கடைவீதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து போனார்கள். மேலே பார்த்தால் உலர்ந்த தானியம். குவியலுக்குள்ளே கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இதென்னவென்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற எச்சரிக்கையையும் விடுத்தார்கள். இதில் ஒன்றை நாம் கவனிக்கத் தவறுகிறோம். அந்த வியாபாரி பொய் ஏதும் சொல்லவில்லை. கேட்டதும் உண்மையைத்தான் சொன்னார். ஈரத்தை அடியில் வைத்தார், அவ்வளவே.

சூரியத் தகட்டு வியாபாரத்தில் ஈரம் எங்கே இருக்கிறது? கையை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வோமென்று அன்பரிடம் ஒரு வாரத் தவணை கேட்டோம். நாம் மின்சாரம் படித்தவரல்லர். ஆனால் படித்த பிள்ளைகள் நம் ஜமாஅத்தில் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற மின் ஊழியராக இருபது வருஷமாகத் தொழில் செய்யும் ஒருவரும் இருக்கிறார். எந்தக் கம்பெனியிலும் அவருக்குப் பங்கு இல்லை. அவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி, புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, அங்கிருந்து இலகு ரயிலில் தெக் வாய் வழியாகச் சுவா சூ காங் போனோம். வழியெல்லாம் அடுக்குமாடிகள். மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனக் குடியானவர்களின் தலைவர் ஒருவரது குலப்பெயரால் வந்த ஊர்ப்பெயர் இது. இப்போது அங்கே விளைவதெல்லாம் வீடுகள்தான். "இத்தனை கூரைகளில் எத்தனை பேருக்கு அவரவர் கூரை சொந்தம்?" என்று மின் ஊழியர் கேட்டார்.

இதுதான் முதற்கேள்வி. இதைக் கேட்காமல் வேறெதையும் கேட்பதில் பிரயோஜனமில்லை. சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கிறவர்கள். நம் வாசகர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான். வீடு உங்களுடையதாக இருக்கலாம், மொட்டைமாடி உங்களுடையதன்று. அங்கே தகடு போடுவதை அரசாங்கமே 2014 முதல் சோலார்நோவா என்ற திட்டத்தின் கீழ் செய்து வருகிறது. அந்த மின்சாரம் மின்தூக்கிக்கும், தாழ்வாரத்து விளக்குக்கும், தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் முதலில் போகிறது. மிஞ்சியது பொதுக் கம்பிக்குப் போகிறது. உங்கள் வீட்டுப் பில்லில் அது நேராகக் கழியாது. ஆகவே அடுக்குமாடியில் இருப்பவரிடம் வந்து, "உங்கள் வீட்டுக்குத் தகடு போட்டுத் தருகிறோம்" என்று எவராவது முன்பணம் கேட்டால், அவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். கொண்டோமினியத்திலும் கூரை எல்லாருக்கும் பொது. நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் அது. சிராங்கூன் சாலையில் கடைவீடு சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: லிட்டில் இந்தியா 1989 முதல் பழமை பாதுகாக்கப்படும் வட்டாரம். அங்கே கூரையில் கை வைக்குமுன் நகரச் சீரமைப்பு ஆணையத்தைக் கேட்டாக வேண்டும்.

நம் அன்பருடையது தரைவீடு. கூரை அவருடையதே. அந்தப் பரீட்சையில் அவர் தேறிவிட்டார்.

அவருடைய மனைவியார் தேநீரும் வாடாவும் கொண்டுவந்து வைத்தார். கம்பெனி கொடுத்த காகிதத்தை அன்பர் எடுத்து நீட்டினார். வழவழப்பான காகிதம். 10 கிலோவாட் சக்தியுள்ள 25 தகடுகள். வருஷத்துக்கு 12,000 யூனிட் மின்சாரம், அதாவது மாதம் 1,000 யூனிட். யூனிட்டுக்கு 28 காசு வீதம் மாதம் 280 வெள்ளி மிச்சம். வருஷத்துக்கு 3,360 வெள்ளி. ஆறே வருஷத்தில் 20,000 வெள்ளியும் வந்துவிடும்.

மின் ஊழியர் அதைப் படித்துவிட்டு, "இதில் எழுதியிருக்கும் எண்ணிக்கை ஒன்றும் பொய்யில்லை காக்கா. ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் வருஷத்துக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். விலையும் சரிதான். 2024 முதல் காலாண்டில் வரி சேர்க்காமல் 29.79 காசு, 2025 மூன்றாம் காலாண்டில் 27.47 காசு. நடுவில் 28 என்று போட்டிருக்கிறார்கள்" என்றார். அன்பருடைய முகம் மலர்ந்தது. "ஆனால் பகலில் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் அவர்.

யாரும் இல்லை. அன்பரும் மனைவியாரும் காலை எட்டரைக்குக் கடைக்குப் புறப்பட்டால் இரவு பத்துக்குத் திரும்புகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம், பிறகு மதரஸா. வெயில் கூரையில் கொளுத்தும் நேரத்தில் வீட்டுக்குள் ஓடுவது குளிர்பதனப் பெட்டி ஒன்றே. குளிர்சாதனம் மூன்றும் இரவில் ஓடுகின்றன. அப்போது சூரியன் அரபு நாட்டைப் பார்க்கப் போய்விட்டிருக்கும்!

சகோதரர்களே, குவியலின் ஈரம் இங்கேதான் இருக்கிறது. தகடு பகலில் சம்பாதிக்கிறது. வீடு இரவில் செலவழிக்கிறது. பகலில் நாம் உபயோகிக்காத மின்சாரம் பொதுக் கம்பிக்குப் போய்விடும். அதற்கும் பணம் உண்டு. ஆனால் நாம் வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. வியாபாரிகளாகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஸ்பி குழுமத்திடம் வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்குகிறவருக்கு, அந்தக் கட்டணத்திலிருந்து கம்பிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதி வரவு வைக்கப்படும். 2018இல் தொடங்கிப் படிப்படியாகத் தீவெங்கும் வந்த திறந்த மின்சந்தையில், மலிவைப் பார்த்துத் தனியார் நிறுவனத்திடம் மாறிக்கொண்டவருக்கோ மொத்தச் சந்தையின் விலைதான். அது அரைமணிக்கு ஒரு தரம் ஏறும், இறங்கும். சில்லறை விலையைவிட வெகுவாகக் குறைந்தும் போகும்.

"உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுங்கள் காக்கா" என்றார் மின் ஊழியர். "ஒரு வாரம், காலை ஏழு மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். மாலை ஏழு மணிக்கு மறுபடியும் எழுதுங்கள். அவ்வளவுதான். இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்."

நாம் சொன்னோம்: பொழுது விடிந்து ஒரு தரம், மஃரிபுக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. நம் தொழுகை நேரங்களெல்லாம் சூரியனைக் கொண்டு வகுக்கப்பட்டவையன்றோ! திருமறையின் அர்-ரஹ்மான் அத்தியாயத்தில் சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படி இயங்குவதைச் சொல்லிச் சில வசனங்கள் கடப்பதற்குள் தராசின் பேச்சு வந்துவிடுகிறது. நிறுவையில் குறை செய்யாதீர்கள் என்ற கட்டளையும் அங்கேயே வந்துவிடுகிறது. பலமுறை ஓதியிருக்கிறோம். சூரியனுக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தமென்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நமக்கு உறைத்தது.

வாரம் முடிந்து எண்கள் வந்தன. பகலில் நாளொன்றுக்கு 8 யூனிட், இரவில் 22. மாதத்துக்கு 900 யூனிட் செலவாகும் வீட்டில் 240 மாத்திரமே வெயில் நேரத்துச் செலவு. மாதம் 1,000 யூனிட் விளைந்தால் 760 யூனிட் வெளியே போய்விடும். விற்கும் விலை 21 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 227 வெள்ளி வரும். முதல் திரும்ப ஏழு வருஷத்துக்கு மேலாகும். அன்பரோ சென்ற வருஷம் தனியார் நிறுவனத்துக்கு மாறியவர். மொத்தச் சந்தையில் 12 காசுதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 158 வெள்ளி, பத்தரை வருஷம்! பில்லே வராது என்றார்களே, அதுவும் நடவாது. இரவுக்காக 660 யூனிட்டை அவர் வாங்கியே தீர வேண்டும். விற்ற பணத்தைக் கழித்தாலும் முதற்கணக்கில் மாதம் 25 வெள்ளியும், இரண்டாவது கணக்கில் 90 வெள்ளிக்கு மேலும் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அந்த 21 காசும் 12 காசும் நாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுக்கு எந்த விலை என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை இதுவே.

அப்படியானால் தகடு போடுவதே நஷ்டமா? அப்படிச் சொல்வதும் மோசடியே! உலர்ந்த தானியத்தை ஈரமென்று சொல்லி விரட்டுவதும் நேர்மையன்று. பத்தரை வருஷமானாலும் முதல் திரும்பத்தான் செய்கிறது. தகடுகளின் உற்பத்தித் திறனுக்கு 25 வருஷ உத்தரவாதம் கொடுப்பது வழக்கம். வருஷத்துக்குச் சுமார் அரை சதவீதம் தேய்ந்துகொண்டு போகும். பகலில் ஆள் இருக்கும் வீடாக, வயதான தாய் தகப்பனுக்காகக் குளிர்சாதனம் ஓடும் வீடாக, வீட்டிலேயே சமையல் தொழில் நடக்கும் வீடாக, பகலில் மின்கார் நிறுத்தி மின்னூட்டும் வீடாக இருந்தால் கணக்கு அப்படியே திரும்பிவிடும். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு ஒரே பதில் கிடையாது. "அவர் போட்டிருக்கிறார், நானும் போடுகிறேன்" என்பது இதில் செல்லாது.

இந்த இடத்தில் நம்முடைய குற்றமொன்றையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். சில வருஷங்களுக்கு முன் நம் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டபோது, "நல்ல காரியந்தானே, போடுங்கள் மாமா" என்று நாம் ஒற்றை வார்த்தையில் சொல்லி அனுப்பினோம். கூரை ஓடுகளுக்கு வயதென்ன என்று கேட்கவில்லை. தகடு பூட்டிய அடுத்த மழைக்காலத்தில் கூடத்தில் ஒழுகியது. ஒழுக்கை அடைக்கத் தகடுகளைக் கழற்ற வேண்டும். கழற்றி மாட்டத் தனிக் கூலி. யார் பிழை என்று இரு தரப்பும் வாதாடியதில் அந்த வருஷ ரமலானும் கழிந்தது. மாமா நம்மை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஆகவே கூரையைச் செப்பனிட வேண்டியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு தகடு.

அன்பர் வீட்டுக் கூரையிலும் மின் ஊழியர் ஏறிப் பார்த்தார். ஓடுகளில் இரண்டு மூன்று வெடித்திருந்தன. மேற்குப் பக்கம் தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், மூன்று மணிக்கு மேல் பாதிக் கூரையை மூடிவிடுகிறது. தகடுகளைச் சங்கிலிபோல் கோத்திருக்கும்போது ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றையும் இழுத்துவிடுமாம். சங்கிலியில் நலிந்த கண்ணிதான் கணக்கு. ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனிக் கருவி வைத்து இதைக் குறைக்கலாம். அதற்குத் தனி விலை. அந்தக் காகிதத்தில் போட்டிருந்த 12,000 யூனிட் நிழலில்லாத கூரைக்கு உரியது. மரம் அதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாளை மூன்றாவது மாடி எழுப்பினால் அவரைத் தடுக்கவும் நமக்கு உரிமையில்லை. வெயில் நமக்குப் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதன்று.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம், ஆகவே வெயிலுக்குக் குறைவில்லை என்று நினைக்கிறோம். மக்கா மதீனாவின் வெயில் வேறு. மேகம் கவிந்து, பிற்பகலில் இடி இடித்துக் கொட்டும் சுவா சூ காங் வெயில் வேறு. தகடு வெப்பத்தைத் தின்பதில்லை, ஒளியைத் தின்கிறது. வெப்பம் ஏறஏற அதன் உற்பத்தி சற்றுக் குறையவே செய்யும். வேறொரு வகையில் இந்த ஊர் அனுகூலமானது. சூரியன் தலைக்கு மேலேயே போவதால் கூரை கிழக்கு நோக்கியிருந்தாலும் மேற்கு நோக்கியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கொஞ்சம் சாய்வு இருந்தால் மழையே கழுவிவிடும்.

கேட்க வேண்டிய இன்னும் சில உண்டு. தகடு தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் என்ற பெட்டி தகட்டைப்போல் 25 வருஷம் உழைக்காது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா? மின்சாரம் தடைப்படும்போது, சேமிப்புக் கலமும் அதற்கேற்ற இணைப்பும் இல்லாவிட்டால், தகடும் தானாக நின்றுவிடும். தெருக் கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்க அப்படி வைத்திருக்கிறார்கள். இருட்டில் நம் வீடு மாத்திரம் பிரகாசிக்கும் என்று யாரும் மனப்பால் குடிக்க வேண்டாம்.

பிறகு பணத்தின் விஷயம். "ஒரு காசும் முன்பணம் வேண்டாம்" என்று வருகிற ஒப்பந்தங்களும் உள்ளன. தகடு கம்பெனிக்குச் சொந்தம், கூரை உங்களுடையது, நீங்கள் அவர்களிடம் பல வருஷம் சற்று மலிவாக மின்சாரம் வாங்கிக்கொள்ள வேண்டும். சிலருக்கு இது பொருந்தும். வீட்டை விற்றால் ஒப்பந்தம் யார் தலையில் விழும், தகட்டைக் கழற்றும் செலவு யாருடையது, கம்பெனி மூடப்பட்டால் என்னாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருமறையின் மிக நீண்ட வசனமே நமக்குக் கற்றுத் தந்திருக்க, வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திடுவது நமக்கு அழகன்று. தவணையில் வாங்குவதானால் அதில் வட்டி கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடாது.

அன்பருக்கு வயது 66. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியே சொன்னோம். அதே சுவா சூ காங்கில்தான் நம் மையவாடியும் இருக்கிறது. இந்தத் தீவில் இன்றைக்கும் நல்லடக்கம் நடக்கும் இடம் அதுவொன்றே. 1998 முதல் அங்கே ஒரு கபுறுக்கு 15 வருஷத் தவணை. தகட்டுக்கோ 25 வருஷம்! முதல் திரும்பவே பத்து வருஷமாகும் காரியத்தில் இறங்குமுன் அதைத் தம் மக்களிடம் கேட்டாரா? இந்த வீட்டில் அவர்கள் இருக்கப் போகிறார்களா, விற்கப் போகிறார்களா? சேமித்த பணத்தில் போட்டால் வாரிசுகளுக்கு அது ஓர் ஆஸ்தி. கடனில் போட்டால் பாகம் பிரிக்குமுன் தீர்க்க வேண்டிய பாரம். அன்பர் இதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. "மூத்தவனைக் கேட்கவேயில்லை ஹஜ்ரத்" என்றார்.

ஊரிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. இந்தியாவில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரியின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கீழக்கரையில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016 முதல். பூட்டிய வீட்டுக்குப் பில்லே இல்லை, எதைக் குறைப்பது? பெருநாளைக்குப் போய்ப் பத்து நாள் தங்குகிறவருக்கு மானியம் கிடைக்கிறதென்பது ஒரு காரணமாகாது. அந்த ஊரிலேயே குடியிருக்கும் தம்பி குடும்பம் உபயோகிக்கிறதென்றால் அது வேறு கணக்கு.

லாபத்தை நினையாமல், இந்த நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இயற்கை வாயுவை எரித்து வருவதாயிற்றே, நம்மாலான மட்டும் புகையைக் குறைப்போம் என்ற நிய்யத்துடன் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மெச்சத்தக்கது. அப்படியானால் அதைத் தர்மமாகவே செய்யுங்கள். தர்மத்தை லாபமென்று பெயர் சூட்டி மற்றவரிடம் விற்க வேண்டாம். பக்கத்து வீட்டார் பார்க்க வேண்டுமென்று போடுவதைப் பற்றி நாம் எதுவும் சொல்வதாக இல்லை.

இப்போது அந்த நண்பரின் விஷயம். தரகைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசினோம். முதலில் வருத்தப்பட்டார். "எல்லாரும் செய்கிறதுதானே ஹஜ்ரத்" என்றார். அரிசி மூட்டைக்கு இவ்வளவு என்று தரகு பேசினால் இரு தரப்பும் அறிந்து பேசுகிறோம். இதை மாத்திரம் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டோம். பதில் சொல்லாமல் போய்விட்டார். அவர் நம்மிடம் இனி முகம் கொடுத்துப் பேச மாட்டாரென்றே நினைத்திருந்தோம்.

அன்பர் தம் மூத்த மகனிடம் கேட்டார். இன்னும் ஐந்து வருஷத்தில் வீட்டை இடித்துக் கட்டும் யோசனை மகனுக்கு இருந்திருக்கிறது. தகப்பனாருக்கே அது புதுச் செய்தி. தகடு இப்போது வேண்டாமென்று முடிவாயிற்று. வெடித்த ஓடுகளை மாற்றினார்கள். பழைய குளிர்சாதனம் ஒன்றை அகற்றி, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புதியதை வைத்தார்கள்.

அதே வரிசையில் நான்காவது வீட்டில் ஒரு லாத்தா இருக்கிறார். கணவர் காலமானபின் வீட்டிலேயே கேக்கும் பலகாரமும் செய்து அனுப்பிப் பிள்ளைகளை வளர்க்கிறவர். மின்னடுப்பு இரண்டும், உறைபெட்டி இரண்டும் காலை முதல் மாலை வரை ஓடுகின்றன. அங்கே நிழலில்லை, ஓடுகள் புதியவை. அவரும் ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து எழுதினார். பகலில் 26 யூனிட், இரவில் 9. மின் ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, "லாத்தா, நீங்கள் யோசிக்கவே வேண்டாம், மூன்று கம்பெனிகளிடம் விலை கேளுங்கள்" என்றார்.

அந்த மூன்றில் ஒன்றை அழைத்துவந்தவர் நாம் மேலே சொன்ன நண்பர்தான். திண்ணையில் உட்கார்ந்ததும் முதற்பேச்சாக, "லாத்தா, நீங்கள் இவர்களிடம் போட்டால் எனக்கு 500 வெள்ளி கிடைக்கும். மற்ற இரண்டு பேரிடம் போட்டால் ஒன்றும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்கள்" என்றாராம். லாத்தா சிரித்துக்கொண்டே, அப்படியானால் அந்த 500இல் பாதியைக் கழித்துத் தரச் சொல்லுங்கள் என்று பேரம் பேசினாராம். 200 வெள்ளி கழித்துத் தந்தார்கள். வேலை சென்ற வெள்ளிக்கிழமை தொடங்கியது.